யார்காயித் பள்ளத்துக் குடும்பங்கள் மழை முடியும்வரை மேட்டில் கூடாரம் அடிக்க உத்தரவு கோரும் மனு

அனுப்புநர்:
லக்வாசுரென் மகன் எர்க்கெம்பயர்,
நீர்வடிகால் பொறியாளர்,
ஜம்ஸ்ரான் – அல்தன்சுல் மனை,
யார்காயித் பள்ளம், வடக்குக் குடியிருப்பு,
பயன்சர் மாவட்டம், உலான்பாத்தர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆளுநர் அவர்கள்,
பயன்சர் மாவட்ட அலுவலகம்,
உலான்பாத்தர்.

பொருள்: வெள்ள ஓடையில் மனை ஒதுக்கப்பட்டுக் குடியிருக்கும் குடும்பங்கள், மனை உரிமை பறிபோகாமல் மழைக்காலத்துக்கு மட்டும் கிழக்கு மேட்டுக்கு இடம்மாற உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் பெண்மணி, "எடுத்த எடுப்புலயே கேட்டுரு தம்பி. உள்ள இருக்கறவங்களுக்கு ரெண்டாவது பக்கம் திருப்புற பழக்கமே கிடையாது" என்றார். ஆகவே கேட்கிறேன். யார்காயித் பள்ளத்தில் வேலியடித்து வாழும் குடும்பங்கள், இந்த மழைக்காலம் முடியும்வரை தங்கள் கெர் கூடாரங்களைக் கழற்றிக் கொண்டுபோய்க் கிழக்கு மேட்டில் அடித்துக்கொள்ளலாம். அப்படிப் போவதால் பள்ளத்து மனைமீது அவர்களுக்குள்ள உரிமை போகாது. இந்த இரண்டு வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்து வேண்டும். நாதாம் திருவிழா விடுமுறைக்கு அலுவலகத்தைப் பூட்டுவதற்கு முன்னால் வேண்டும். காரணம் கீழே.

2. நான் படித்தது நீர்வடிகால் பொறியியல். மூன்று ஆண்டுகளாகத் தெற்கே கோபியில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறேன். திறந்த குழிக்குள் மழைநீர் இறங்காதபடி சுற்றிலும் வடிகால் வெட்டுவது, மீறி இறங்கியதை வெளியே தள்ளுவது என் பொறுப்பு. ஆண்டு முழுவதும் புழுதி பறக்கும் அந்த இடத்தில், நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழைக்குத் தாங்கும்படி வடிகால் அமைத்திருக்கிறோம். ஒரு நாள் வேலை நின்றால் எவ்வளவு நட்டம் என்று முதலாளிக்குத் தெரியும்; அதனால் வெட்டச் சொன்னார், வெட்டினோம். ஜூன் மாதம் விடுப்பில் அக்காள் வீட்டுக்கு வந்தேன். வந்த இடத்தில் கண்டதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. நம் நாட்டில் ஒரு குழிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அந்தக் குழியில் எடுத்த கரியை அடுப்பில் போட்டுக் குளிர் தாங்கும் மனிதர்களுக்குத் தலைநகரத்தில் கிடைக்கவில்லை.

3. என் அக்காள் அல்தன்சுல்லும் அவள் கணவர் ஜம்ஸ்ரானும் மந்தை மேய்த்தவர்கள். ஸுத் என்னும் கொடும்பனி வந்த குளிர்காலத்தில் மேய்ச்சல் நிலம் முழுவதும் பனிக்கட்டிக்கு அடியில் போய்விட்டது. ஆடுகள் நின்ற நிலையிலேயே விறைத்துச் செத்தன. வசந்தத்தில் மிஞ்சியவற்றை விற்றுவிட்டு, கூடாரத்தைச் சின்ன லாரியில் ஏற்றி நகரத்துக்கு வந்தார்கள். வேறு எங்கே போவது? வேலை இங்கேதான் இருக்கிறது, மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் இங்கேதான். இப்போது அத்தான் அடுக்குமாடிக் கட்டடங்களில் சிமெண்டு சுமக்கிறார். அக்காள் ஆட்டுரோம ஆலையில் ரோமம் தரம் பிரிக்கிறாள். சொந்த ஆட்டின் ரோமத்தைத் தானே சீவி எடுத்தவள், இன்று யாருடைய ஆடு என்றே தெரியாத ரோமத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

4. மனை தேடி அத்தான் நாள்கணக்கில் மலைச்சரிவெல்லாம் நடந்தார். கடைசியில் இந்தப் பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். அன்று எனக்குத் தொலைபேசியில் அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "மச்சான், நகரத்துக்காரனுங்க முட்டாப்பசங்கடா! இவ்வளவு நல்ல எடத்தை விட்டுட்டு எல்லாவனும் மேட்டுல போய்க் குந்தியிருக்கானுங்க. இங்க தீக்குச்சி கிழிச்சா அணையமாட்டேங்குது. மேல இருக்கறவன் ரெண்டு மூட்டை கரி எரிச்சா நான் ஒரு மூட்டையில குளிர்காலத்தை ஓட்டிருவேன்." அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. மேய்ச்சல் நாட்டில் குளிர்கால இருப்பிடம் அப்படிப்பட்ட மறைவில்தான் இருக்கும். இரண்டு பக்கமும் மலை, நடுவே காற்றுப் புகாத பள்ளம். அவரைப் பார்த்துப் பின்னால் வந்த மேய்ச்சல்காரர்கள் எல்லோரும் அதே மூக்கோடு மோப்பம் பிடித்து அதே பள்ளத்தில் இறங்கினார்கள். உங்கள் அலுவலகமும் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கீட்டுத் தாள் கொடுத்தது.

5. ஆனால் மேய்ச்சல் நாட்டில் குளிர்கால இடத்தில் யாரும் கோடையில் இருப்பதில்லை. புல் முளைத்ததும் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மழை வரும்போது பள்ளத்தில் ஆள் இருக்காது, வெறும் சாணமும் கல்லும்தான் கிடக்கும். தண்ணீர் வரும், போகும், யாருக்கும் தெரியாது. நகரத்தில் மனை என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அந்த இடமாற்றம் நின்றுவிடுகிறது. குளிருக்குத் தேடிக் கண்டுபிடித்த இடத்தில் மழைக்கும் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை ஒருவர்கூட யோசிக்கவில்லை என்பது முதல் அதிர்ச்சி. யோசிக்க வேண்டிய சம்பளம் வாங்குகிறவர்களும் யோசிக்கவில்லை என்பது இரண்டாவது.

6. வேலியைப் பற்றி எழுத வேண்டும். உங்கள் அலுவலக விதிப்படி நான்கு பக்கமும் முழுமையாக வேலியடைத்த மனைதான் குடியிருக்கும் மனை. இடைவெளி இருந்தால் கைவிடப்பட்ட மனை என்று கதவில் சிவப்புச் சாயம் பூசுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு குடும்பமும் தன் மனையைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் பலகை நட்டிருக்கிறது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையாது. காற்றும் நாயும் வரக்கூடாதே. பள்ளம் வடக்கிலிருந்து தெற்காக இறங்குகிறது. வேலிகள் கிழக்கு மேற்காக, ஒரு கரையிலிருந்து மறு கரை வரை, ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. இதை நான் முதலில் பார்த்தபோது என் தொழிலில் இதற்கு என்ன பெயர் என்று அக்காளிடம் சொன்னேன்: அணை. ஓர் ஓடையில் மேலிருந்து கீழாக வரிசையாக அணை கட்டி, ஒவ்வோர் அணைக்குள்ளும் ஒரு குடும்பத்தை வைத்திருக்கிறோம். அக்காள் சிரித்தாள். "நீ சுரங்கத்துலயே இருந்து இருந்து எதைப் பாத்தாலும் குழியாத் தெரியுதுடா" என்றாள்.

7. ஜூன் மழை பெரிய மழை அல்ல. என் கணக்கில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வருகிற சாதாரண மழை. பகல் நேரம். நாங்கள் பால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மேலே வெறும் பாறைச் சரிவு. புல் இல்லை, மரம் இல்லை, விழுந்த தண்ணீர் அப்படியே இறங்கியது. வடக்கு வேலியின் பலகை இடுக்குகளில் முதலில் சேறு பீய்ச்சியது. ஏணிவைத்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். வேலிக்கு அப்பால் தண்ணீர் என் மார்பளவு உயரத்தில் நின்றுகொண்டிருந்தது, உள்ளே எங்கள் முற்றம் காய்ந்து கிடந்தது. ஒரு பலகைக்கு இந்தப் பக்கம் என் அக்காளின் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான்.

8. நான் கோடரியைத் தேடி எடுத்தேன். ஒரே நேரத்தில் உடைவதைவிடக் கீழ்ப்பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தண்ணீரை மெல்ல விடுவது நல்லது. எந்தப் பொறியாளரும் அதைத்தான் செய்வான். அத்தான் என் கையிலிருந்து கோடரியைப் பிடுங்கி வீசினார். அவர் கூடாரத்தின் உத்தரக் கம்பை எடுத்து வேலிக்கு முட்டுக் கொடுத்து, தன் முதுகை அதில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். ஐயா, ஒரு மனிதர் தன் முதுகால் ஓர் ஓடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். "வேலிய ஒடச்சா நாளைக்குச் சாயம் பூசிருவானுங்கடா! பக்கத்து வீட்டுக்குப் பூசினதப் பாத்தல்ல? நீ பிள்ளையத் தூக்கு, அக்காளக் கூட்டிட்டுக் கரையேறு. வேலிய நான் பாத்துக்கறேன்!" என்று கத்தினார். வேலியை யாரும் பார்த்துக்கொள்ள முடியாது என்று நானும் கத்தினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் கரை ஏறிய பிறகு மூலைக் கம்பம் சாய்ந்தது. அத்தான் பக்கவாட்டில் தூக்கி எறியப்பட்டதால்தான் பிழைத்தார். தண்ணீர் எங்கள் முற்றத்தைத் தாண்டி அடுத்த வேலியில் மோதியது, அதையும் சாய்த்து அதற்கடுத்ததில் மோதியது. ஒவ்வொரு வேலியிலும் தேங்கித் தேங்கி ஒவ்வொரு முறையும் பெரிதாகிக்கொண்டே போனது.

9. கடைசி மனை தொல்கோர் என்ற விதவைத் தாயாருடையது. அவர் சாலையோரம் காய்ந்த தயிர்க்கட்டி விற்பவர். தண்ணீர் வந்தபோது கட்டிலின்மேல் அடுப்பை ஏற்றி, அடுப்பின்மேல் ஏறி நின்றிருக்கிறார். கூடாரத்தின் கம்பளித் துணி அவரைச் சுற்றி விழுந்து கிடந்தது; வெளியே தலை மட்டும் தெரிந்தது. வாசலில் சங்கிலி போட்டிருந்த நாய் செத்துவிட்டது. நாங்கள் அவரைக் கை பிடித்து இறக்கியபோது அவர் முதலில் சொன்ன வார்த்தை: "தெனமும் டின்னைத் தள்ளுவண்டியில வச்சுத் தண்ணிக்கடைக்கு ஓடுறேன். இன்னிக்குத் தண்ணியே வீட்டுக்கு வந்துருச்சு, பாரு, டோர் டெலிவரி!" சுற்றி நின்ற அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் தொல்கோரம்மா நாயின் சங்கிலியைக் கழற்றப் பார்த்து, முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

10. மறுநாள் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, உயிர்ச்சேதம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அதற்கு மறுநாள் நான் நிலப்பிரிவுக்கு வந்தேன். அங்கே இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்லமாட்டேன். கணினியில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டி, "நீங்களே பாருங்க சார், ஓடைன்னு ஒண்ணு எங்கயாவது இருக்கா? காலி நிலம்தான். இல்லாத ஓடையில எப்படி சார் வெள்ளம் வரும்?" என்றார். நான் பார்த்தேன். உண்மைதான், ஓடை இல்லை. அது மேலிருந்து எடுத்த புகைப்படத்தை வைத்து வரைந்தது. புகைப்படத்தில் எல்லா வீட்டுக் கூரையிலும் பனி. குளிர்காலத்தில் எடுத்திருக்கிறார்கள். ஓடை பனிக்கு அடியில் இருந்திருக்கிறது. அதைச் சொன்னேன். அவர் படத்தை இன்னும் பெரிதாக்கிக் கூரைகளைப் பார்த்தார். பிறகு, "அய்யய்யோ" என்றார். பிறகு, "நாதாம் முடிஞ்சு வாங்க சார், மேலதிகாரி அப்பத்தான் வருவார்" என்றார்.

11. நாதாம் முடிந்த பிறகுதான் ஒவ்வோர் ஆண்டும் பெரிய மழை பிடிக்கிறது. இது இந்த நகரத்தில் குழந்தைக்கும் தெரியும்.

12. அதைவிட மோசமான ஒன்றை அன்று மாலை பார்த்தேன். வெள்ளம் சாய்த்த வேலிகளை எல்லோரும் மறுபடி நட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னைவிட உயரமாக. இந்த முறை அடியில் தகரம் வேறு வைத்து, சேறு வராதபடி மண்ணில் புதைத்து. முன்பு பலகை இடுக்கிலாவது கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. இனி அதுவும் கசியாது. அதற்கு மேலாக, கூடாரத்தை ஏற்றிய ஒரு லாரி பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கிழக்கு மாகாணத்திலிருந்து வந்த புதுக் குடும்பம், மனைவி நிறைமாதம். வெள்ளத்தில் காலியாகிக் கிடந்த நடு ஓடையில் அவர்களுக்கு மனை ஒதுக்கியிருக்கிறார்கள். ஒதுக்கீட்டுத் தாளின் தேதி வெள்ளத்துக்கு மறுநாள். கணவன் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நீலப் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தான். "எவ்வளவு தட்டையான எடம் பாருங்கண்ணே! கல்லே இல்ல, யாரோ பெருக்கிவிட்ட மாதிரி!" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான். பெருக்கிவிட்டது யார் என்று அக்காள்தான் சொன்னாள். அவன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வேற எங்க இருக்கு எடம்?" என்று கேட்டான்.

13. இவர்களுக்கு அறிவில்லை என்று யாரும் முடிவுகட்டிவிடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். பள்ளத்தில் ஒவ்வொருவரும் தனக்குச் சரியானதைத்தான் செய்திருக்கிறார்கள். மந்தை செத்தவன் நகரத்துக்கு வருகிறான். சுரங்கத்துப் பணம் நகரத்தில் மாடிகளாக எழும்புகிறது, மாடிக்குச் சிமெண்டு சுமக்க அவன் வேண்டும். அவன் தங்குவதற்கு நிலம் இலவசமாகக் கொடுக்கிறோம். சாலையும் குழாயும் வடிகாலும் இலவசமாகக் கொடுக்க முடியாது, ஆகவே கொடுப்பதில்லை. வடிகால் இல்லாத நிலத்திலேயே வரிசையாக மனைகள் முளைக்கின்றன. பிறகு ஓர் அடுக்குமாடி நிறுவனம் வரப்போகிறது, வேலிக்குள் இருப்பவனுக்கு மனைக்குப் பதில் வீடு கிடைக்கும் என்று பேச்சு கிளம்புகிறது. அந்தப் பேச்சு பொய்யில்லை. உங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டியிருக்கிறது. நாதாமுக்குப் பிறகு சரிபார்ப்பு, ஒரு மாதம் ஆள் இல்லாத மனை கைவிடப்பட்டதாகக் கருதப்படும் என்று அதில் எழுதியிருக்கிறது. சுடுதண்ணீர்க் குழாயும் சூடேற்றிய சுவரும் உள்ள ஒரு வீடு கண்ணுக்குத் தெரியும்போது யார் வேலியை விட்டுப் போவார்கள்? நானாக இருந்தாலும் போகமாட்டேன்.

இதில் பள்ளத்தின் கீழ்முனையில் புதிதாகப் போட்டிருக்கும் சாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாலைக்குக் கீழே தண்ணீர் போக ஒரே ஒரு குழாய். நான் அதற்குள் தவழ்ந்து பார்த்தேன். என் தோள் இடித்தது. சுரங்கத்தில் கழிப்பறைத் தண்ணீருக்கு இதைவிடப் பெரிய குழாய் வைத்திருக்கிறேன். பெரிய மழை வந்தால் தண்ணீர் வெளியே போக வழி இல்லை. தொல்கோரம்மாவின் மனை முதலில் நிறையும், பிறகு அதற்கு மேல் மனை, பிறகு அதற்கு மேல். மேலிருந்து வேலி வேலியாக உடைந்து வருவதும் கீழிருந்து நிறைந்து ஏறுவதும் நடுவில் சந்திக்கும். நடுவில் இருப்பது நிறைமாதக்காரியின் கூடாரம்.

14. போன வாரம் எல்லோரும் எங்கள் முற்றத்தில் கூடினார்கள். நான் மட்டக்கோல் வைத்து அளந்ததை எல்லாம் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அத்தானே, "கோடையில எவனாச்சும் பள்ளத்துல கெடப்பானா? ஆட்டுக்கே தெரியும்" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. "ஆட்டுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரிஞ்சும் இங்க ஏன் இருக்கீங்க அத்தான்?" என்று கேட்டேன். அவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆட்டுக்குப் பட்டா கெடையாதே மச்சான்."

ஐயா, வடிகால் பொறியியலில் இதற்கு என்னிடம் விடை இல்லை. உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

15. அந்தக் கூட்டத்தில் வழி சொன்னவர் தொல்கோரம்மா. "நாமெல்லாம் கோடைக்கு எடம்மாறி எத்தனை வருசமாச்சு? இந்த வருசம் மாறிப் பாப்போமே. மேட்டுல போய்க் கோடை இருப்பு போடுவோம், இலையுதிர்ந்ததும் எறங்கி வருவோம். கூடாரம் கழட்ட ரெண்டு மணி நேரம், அடிக்க ரெண்டு மணி நேரம். என்ன, தண்ணி டின்னைத்தான் மேல ஏத்தணும். இந்த இஞ்சினியர் தம்பி சும்மாத்தானே இருக்கு, தள்ளட்டும்" என்றார். கிழக்கு மேடு நகராட்சி மரக்கன்று நட ஒதுக்கிய இடம். சில ஆண்டுகளாக அங்கே பெயர்ப்பலகை தவிர வேறு எதுவும் வளரவில்லை. காற்று அடிக்கும். கோடைக்குக் காற்று நல்லதுதான். ஒரு காசு செலவில்லாத, யாருக்கும் நட்டமில்லாத இந்த ஏற்பாட்டுக்குத் தடையாக இருப்பது ஒரே ஒரு விதி. அது உங்கள் அலுவலகத்து விதி. அதை நிறுத்திவைக்க உங்களால் முடியும்.

16. ஆகவே பணிந்து கேட்டுக்கொள்வன:

அ) மழைக்காலம் முடியும்வரை யார்காயித் பள்ளத்து மனைகளுக்குச் சரிபார்ப்பை ஒத்திவைத்து, மேட்டுக்குப் போகிறவர்களின் உரிமை தொடரும் என்று எழுத்தில் உத்தரவிட வேண்டும். வாய்ச்சொல்லை யாரும் நம்பமாட்டார்கள். நானும் நம்பமாட்டேன்.

ஆ) குறுக்கு வேலிகளின் கீழ்ப்பலகைகளைக் கழற்ற அனுமதி வேண்டும். கழற்றியதற்காக எந்தக் கதவிலும் சாயம் பூசக்கூடாது.

இ) நடு ஓடையில் இனி ஒரு மனைகூட ஒதுக்கக்கூடாது. ஒதுக்கப்பட்டவர்களுக்கு வேறு இடம் காட்ட வேண்டும். இடம் இல்லை என்றால், இல்லை என்று அவர்கள் மாகாணத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் சொல்ல வேண்டும்; லாரியை இறக்கிய பிறகு சொல்லக்கூடாது.

ஈ) சாலைக்குக் கீழே உள்ள குழாயை மாற்றுவதற்கான வரைபடத்தை நான் சம்பளம் இல்லாமல் போட்டுத் தருகிறேன். குளிருக்குப் பிறகு செய்துகொள்ளலாம். அவசரமானது (அ) மட்டுமே.

17. வருகிற சனிக்கிழமை காலை கூடாரங்களைக் கழற்றுவதாக முடிவாகிவிட்டது. உங்கள் உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும் பெண்களும் பிள்ளைகளும் மேட்டில் இருப்பார்கள். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தகவலாகத் தெரிவிக்கிறேன். முடிவு செய்தது பெண்கள். ஆண்களில் பலர் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

18. கடைசியாக ஒன்று. உத்தரவு இல்லாமல் எல்லோரும் போய்விட்டால், சரிபார்க்க வருகிறவர்கள் ஆளில்லாத வேலிகளைத்தான் பார்ப்பார்கள். ஆகவே என் அத்தான் ஜம்ஸ்ரான் ஒரு தீர்மானம் செய்திருக்கிறார். கூடாரங்கள் போன பிறகும் அவர் பள்ளத்திலேயே இருப்பாராம். ஒவ்வொரு மனையாகப் போய்க் கதவைத் திறந்து வைப்பது, முற்றத்தில் கொஞ்சம் அடுப்பு மூட்டுவது, வருகிறவர்களிடம், இவர்கள் வேலைக்குப் போயிருக்கிறார்கள், இப்போது வந்துவிடுவார்கள் என்று எல்லோருக்காகவும் பதில் சொல்வது, இதுதான் திட்டம். நான் கெஞ்சிப் பார்த்தேன். அக்காள் அழுது பார்த்தாள். "எல்லாரும் என்னைப் பாத்துத்தானே இங்க எறங்கினாங்க. நான்தான் கடைசியா ஏறணும்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். எழுத்தில் உத்தரவு கொண்டுவந்து காட்டினால் அந்த நிமிடமே ஏறிவிடுவதாகச் சொல்கிறார். காட்டாவிட்டால் ஏறமாட்டார். முதுகில் ஜூன் மாதத்துக் காயம் இன்னும் ஆறவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது.

உத்தரவை வாங்கிக்கொள்ள நாளை காலையிலிருந்து உங்கள் அலுவலக வாசலில் நிற்பேன். தபாலில் அனுப்ப வேண்டாம்.

இடம்: யார்காயித் பள்ளம், உலான்பாத்தர்
நாள்: ஜூலை 5

இங்ஙனம் தங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ல. எர்க்கெம்பயர்